9 ஊசி, 15 ஊசி, 19 ஊசி: மொனிற்றர் பிளக்கின் வரலாறு



"புது மொனிற்றர் வாங்கினேன். பழைய கணினியின் வயர் அதிலே ஏறவில்லை. எந்த அடப்ரர் வாங்கவேண்டும்?" இந்தக் கேள்வி எமது நிலையத்துக்கு வராத மாதமே கிடையாது. வருமான வரிப் படிவம் நிரப்ப என்னிடம் வருபவர்கள்கூட, ரசீதுகளை மேசையில் வைத்துவிட்டு அடுத்ததாகக் கேட்பது இதைத்தான். நான் வர்த்தகம் படித்தவன், கணினிப் பொறியியலாளன் அல்லன். ஆனாலும் முப்பது வருடமாகக் கணினியில் கணக்கு எழுதியே பிழைப்பவன் என்ற முறையில், இந்தப் பிளக்குகள் ஒவ்வொன்றும் வந்ததையும் போனதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதற்குக் காரணம் பிளக்கில் இல்லை, அதன் வரலாற்றில் இருக்கிறது. இந்த மாத உரையை அந்த வரலாற்றுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

பிளக் வேறு, உள்ளே ஓடுவது வேறு

முதலில் எங்கள் வீட்டு அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குவோம். ஊரிலிருந்து மாவரைக்கும் கிரைண்டரைச் சுமந்துகொண்டு கனடா வந்தவர்கள் எங்களுக்குள் உண்டு. இங்கே சுவரில் உள்ள துவாரத்துக்கு அந்தப் பிளக் பொருந்தாது. கடையில் ஒரு சின்ன அடப்ரர் வாங்கினால் பிளக் பொருந்திவிடும். ஆனால் கிரைண்டர் சரியாக ஓடாது. இலங்கையில் 230 வோல்ற், இங்கே 120 வோல்ற். பிளக்கின் உருவத்தை மாற்றினால் போதாது. உள்ளே ஓடும் மின்சாரத்தையும் மாற்றவேண்டும். அதற்கு ட்ரான்ஸ்போமர் வேண்டும்.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். லண்டனிலும் பாரிஸிலும் நடந்த கலியாணங்களின் வீடியோ கசெற்றுகள் தபாலில் வரும். கசெற் ஒரே அளவுதான், வீட்டு டெக்குக்குள் அழகாக நுழையும். ஆனால் திரையில் படம் உருளும், நிறம் போய்விடும், சிலவேளை ஒன்றுமே தெரியாது. இலங்கையும் பிரித்தானியாவும் பின்பற்றியது பால் முறை, அதாவது 625 கோடுகள், வினாடிக்கு 25 படங்கள். கனடாவும் அமெரிக்காவும் பின்பற்றியது என்.ரி.எஸ்.சி. முறை, அதாவது 525 கோடுகள், வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். கசெற்றின் உருவம் ஒன்று, உள்ளே பேசும் மொழி வேறு. அந்தக் காலத்தில் இரண்டு முறையையும் வாசிக்கும் டெக் வைத்திருந்த வீட்டுக்குத்தான் ஊரே கூடும்.

இந்த இரண்டு உதாரணங்களும் மனதில் இருந்தால் இனி வருவதெல்லாம் இலகு. உருவத்தை மட்டும் மாற்றும் அடப்ரர் ஒரு வகை. மொழியையே மாற்றும் கருவி இன்னொரு வகை. குடிவரவு அலுவலகத்தில் எங்களுக்காகக் கதவைத் திறந்துவிட்டவரும், எங்கள் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தவரும் ஒருவரல்லர் அல்லவா? அதே வேறுபாடுதான் இங்கும்.

9 ஊசிக் காலம்

வீட்டுக் கணினியின் தொடக்க காலத்தில் மொனிற்றர் என்று தனியாக ஒன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கவில்லை. 1981 இல் வந்த சின்கிளயர் இசட்.எக்ஸ்.81, 1982 இல் வந்த கொமடோர் 64 போன்ற கணினிகளைத் தொலைக்காட்சிப் பெட்டியின் அன்ரெனா துவாரத்தில் செருகிப் பார்த்தார்கள். கணினி ஒரு குட்டித் தொலைக்காட்சி நிலையம்போல நடித்தது, பெட்டி அதை ஒரு சனலாக எடுத்துக் காட்டியது.

1981 ஓகஸ்ற் 12 இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனிநபர் கணினியை அறிமுகம் செய்தது. அதற்கு இரண்டு வகைத் திரை அட்டைகள் இருந்தன. ஒன்று எழுத்துக்கு மட்டும், ஒற்றை நிறம், எம்.டி.ஏ. மற்றது நிறப் படங்களுக்கு, சி.ஜி.ஏ. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் பெயர்களின் கடைசியில் உள்ள "ஏ" என்பது அடப்ரரைத்தான் குறிக்கிறது. இன்று நாங்கள் வயர் நுனியில் மாட்டும் சின்னத் துண்டுக்குச் சொல்லும் பெயரை, அன்று முழு அட்டைக்கும் சொன்னார்கள். கணினியைத் திரையோடு பொருத்துவதே அந்த அட்டையின் வேலையாக இருந்தது.

இந்த இரண்டு அட்டைகளுக்கும் ஐ.பி.எம். வைத்தது ஒரே 9 ஊசிப் பிளக். ஆனால் உள்ளே ஓடியது ஒன்றல்ல. சி.ஜி.ஏ. தொலைக்காட்சியைப்போல வினாடிக்குச் சுமார் 15,700 கோடுகளை வரைந்தது. எம்.டி.ஏ. சுமார் 18,400 கோடுகளை வரைந்தது. ஒன்றின் திரையை மற்றதன் அட்டையில் செருகினால் பிளக் தாராளமாக ஏறும், ஆனால் திரை பழுதாகிப்போகும் அபாயம் இருந்தது. "பொருந்தினால் சரி" என்று நினைக்கக்கூடாது என்பதற்குக் கணினி வரலாற்றின் முதற்பாடம் இதுதான்.

எம்.டி.ஏ. அட்டையில் இன்னொரு குறையும் இருந்தது. அதன் உள்ளே 256 எழுத்துருக்கள் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு வெளியே ஒரு எழுத்தைக்கூட அது காட்டாது. தாய்லாந்தைச் சேர்ந்த வான் சுவன்னுகுல் என்பவர் தமது ஆய்வேட்டைத் தாய் மொழி எழுத்தில் எழுத விரும்பினார். இயலவில்லை. ஆகவே புள்ளி புள்ளியாக எதையும் வரையக்கூடிய ஒரு அட்டையைத் தாமே உருவாக்கினார். 1982 இல் வெளிவந்த அந்த ஹேர்குலிஸ் அட்டை உலகெங்கும் அலுவலகங்களில் பிரபலமாயிற்று. சொந்த எழுத்தைத் திரையில் பார்க்கவேண்டும் என்ற ஒருவரின் ஆசையிலிருந்து வந்த கண்டுபிடிப்பு அது. தமிழுக்கும் அதே வழிதான் தேவைப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியபோது, தமிழ் எழுத்தைத் தானாகத் தரும் கணினி ஏதும் கிடையாது. எங்கள் எழுத்தை ஒரு படமாகவே திரையில் வரையவேண்டியிருந்தது.

1987: 15 ஊசி

1984 இல் ஐ.பி.எம். கொண்டுவந்த ஈ.ஜி.ஏ. முறையும் 9 ஊசிதான். அதன் பின் வந்தது பெரிய மாற்றம். 1987 ஏப்ரல் 2 இல் பி.எஸ்./2 என்ற புதிய கணினி வரிசையோடு வீ.ஜீ.ஏ. பிறந்தது. 15 ஊசிகள், மூன்று வரிசை. நீல நிறப் பிளக், இரண்டு பக்கமும் கையால் திருகும் ஆணி என்றால் எல்லோருக்கும் நினைவு வரும். அந்த நீல நிறம் பின்னாளில் வந்த வழக்கம்.

ஏன் 9 போதாமல் போயிற்று? இங்கே கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பழைய முறையில் ஒவ்வொரு வயரும் "ஆம்" அல்லது "இல்லை" என்று மட்டுமே சொல்லும். சி.ஜி.ஏ. யில் நிறத்துக்கு 4 வயர்கள். 2 ஐ நான்கு தடவை பெருக்கினால் 16 நிறம். ஈ.ஜி.ஏ. யில் 6 வயர்கள், 64 நிறம். வீ.ஜீ.ஏ. கொடுக்க விரும்பியதோ 262,144 நிறங்கள். அதே வழியில் போனால் நிறத்துக்கு மட்டும் 18 வயர்கள் வேண்டும். ஆகவே ஐ.பி.எம். பாதையை மாற்றியது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்றே வயர்கள். ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் கூடிக் குறைந்து நிறத்தின் அளவைச் சொல்லும். இதுதான் அனலொக் முறை. செலவு குறைந்தது, நிறம் பெருகியது.

ஒரு கணக்காளனாக என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதன் அடுத்த பக்கம். பி.எஸ்./2 கணினிகளின் உள்ளே மைக்ரோ சனல் என்ற புதிய இணைப்பு முறையையும் ஐ.பி.எம். வைத்தது. அதைப் பாவிக்க விரும்பும் மற்றக் கம்பனிகள் உரிமக் கட்டணம் கட்டவேண்டும் என்றது. 1988 இல் கொம்பக் தலைமையில் ஒன்பது கம்பனிகள் சேர்ந்து, "உங்கள் முறை எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லி, ஈசா என்ற மாற்று முறையை அறிவித்தன. மைக்ரோ சனல் சில வருடங்களில் வழக்கொழிந்தது. ஆனால் அதே கணினியின் பின்புறத்தில் இருந்த 15 ஊசிப் பிளக்கை எல்லோரும் பின்பற்றினார்கள். பூட்டி வைத்தது செத்தது, மற்றவர்கள் எடுத்தாண்டது வாழ்ந்தது. ஐ.பி.எம். தனது தனிநபர் கணினிப் பகுதியையே 2005 இல் லெனோவோவிடம் விற்றுவிட்டது. அப்போதும் அந்தப் பிளக் உயிரோடுதான் இருந்தது.

எங்களுக்குத் தெரியாத வீசா

1989 இல் திரை உற்பத்தியாளர்களும் அட்டை உற்பத்தியாளர்களும் சேர்ந்து ஒரு பொதுத் தர அமைப்பை உருவாக்கினார்கள். அதன் பெயர் வீசா. நாங்கள் தூதரக வாசலில் காத்துக் கிடந்த வீசா அல்ல, இது வேறு! 640 க்கு 480 என்றிருந்த திரையை 800 க்கு 600 என்று எல்லோரும் ஒரே மாதிரி உயர்த்துவதற்கு இந்த அமைப்பு வழி செய்தது.

1994 இல் அது இன்னொரு நல்ல காரியம் செய்தது. அதுவரை அட்டைக்குத் தன் முன்னால் இருக்கும் திரை எது என்று சரிவரத் தெரியாது. அதன் பிறகு திரை தன் பெயரையும், தன்னால் காட்டக்கூடிய அளவுகளையும் 128 பைற் கொண்ட ஒரு சின்ன அடையாள அட்டையில் எழுதி வைத்தது. வயரைச் செருகியதும் கணினி அதை வாசித்து, அதற்கேற்பப் படத்தை அனுப்பியது. இன்றைய திரைகளும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றன. மலிவான அடப்ரர் ஒன்றை மாட்டியதும் படம் மங்கலாகவோ அளவு பிசகியோ வந்தால், அநேகமாக இந்த அடையாள அட்டையை வாசிக்கும் வயர் உள்ளே தொடுக்கப்படாமல் இருக்கும்.

மொழிபெயர்ப்புக்கு மேல் மொழிபெயர்ப்பு

2000 ஆம் ஆண்டை ஒட்டி மேசையை அடைத்துக்கொண்டிருந்த பெட்டித் திரைகள் போய், தட்டைத் திரைகள் வரத் தொடங்கின. தட்டைத் திரை இயல்பிலேயே டிஜிற்றல். கணினியும் டிஜிற்றல். ஆனால் இடையில் இருந்த வயரோ அனலொக். கணினி தன் எண்களை அலையாக மாற்றி அனுப்ப, திரை அந்த அலையை மறுபடி எண்களாக மாற்றியது. தமிழில் எழுதிய கடிதத்தை ஆங்கிலத்துக்கு மாற்றி, வாங்கியவர் அதை மறுபடி தமிழுக்கு மாற்றி வாசிப்பதுபோல. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும்.

இதற்கு மருந்தாக 1999 இல் டீ.வீ.ஐ. வந்தது. இன்ரெல், கொம்பக், ஐ.பி.எம்., சிலிக்கன் இமேஜ் முதலிய கம்பனிகள் கூடிச் செய்தது. எண்களை எண்களாகவே அனுப்பியது. ஆனால் அதை வகுத்தவர்கள் பழைய திரை வைத்திருந்தவர்களை மறக்கவில்லை. டீ.வீ.ஐ. பிளக்கில் ஒரு தட்டையான கத்தி போன்ற ஊசி இருக்கும். அதைச் சுற்றி நான்கு சின்ன ஊசித் துவாரங்கள் இருந்தால், பழைய அனலொக் சமிக்ஞையும் அதே துவாரத்தில் கிடைக்கிறது என்று பொருள். இந்த வகைக்கு டீ.வீ.ஐ. - ஐ என்று பெயர். அந்த நான்கும் இல்லாவிட்டால் அது டீ.வீ.ஐ. - டி, டிஜிற்றல் மட்டும்.

2000களில் அட்டை வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்ன வெள்ளை அல்லது கறுப்பு அடப்ரர் சேர்ந்து வரும். டீ.வீ.ஐ. யை வீ.ஜீ.ஏ. ஆக்கும் துண்டு. உள்ளே மின்னணுப் பாகம் ஒன்றும் கிடையாது, வெறும் கம்பிகள். அது கதவைத் திறந்துவிடுபவர் மட்டுமே. உள்ளே அனலொக் சமிக்ஞை இருந்தால்தான் அது வேலை செய்யும்.

19 ஊசியும் 20 ஊசியும்

2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ. வெளியாயிற்று. 19 ஊசி. இதை உருவாக்கிய ஏழு கம்பனிகளில் சோனி, தொஷிபா, பிலிப்ஸ், ஹிற்றாச்சி போன்றவை தொலைக்காட்சிக்காரர். படத்துக்கான சமிக்ஞையை டீ.வீ.ஐ. யிலிருந்தே எடுத்து, ஒலியையும் அதே வயரில் சேர்த்தார்கள். அதனால்தான் எச்.டி.எம்.ஐ. யிலிருந்து டீ.வீ.ஐ. க்கு மலிவான வெறும் கம்பி அடப்ரர் போதும், ஒலிக்குத்தான் வேறு வழி பார்க்கவேண்டும். 2006 இல் வீசா அமைப்பு 20 ஊசி கொண்ட டிஸ்பிளேபோர்ட்டை வெளியிட்டது. இது படத்தைச் சின்னச் சின்னப் பொதிகளாகக் கட்டி அனுப்பும் வேறொரு முறை.

ஏன் இரண்டு? ஒரு காரணம் காசு. எச்.டி.எம்.ஐ. வைத்துக் கருவி செய்பவர் ஆண்டுக் கட்டணமும், விற்கும் ஒவ்வொரு கருவிக்கும் சில சதங்களும் கட்டவேண்டும். டிஸ்பிளேபோர்ட்டுக்கு வீசா அமைப்பு அப்படிக் கருவிக்கு இவ்வளவு என்று வாங்குவதில்லை. தொலைக்காட்சி உலகம் ஒன்றையும் கணினி உலகம் மற்றதையும் வைத்துக்கொண்டன. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் குடும்பம்தான் அடப்ரர் வாங்குகிறது. சில சதம் மிச்சம் பிடித்தவரின் புத்தகத்தில் அது இலாபம். அடப்ரருக்கு இருபது டொலர் கொடுத்த வீட்டின் செலவு எவர் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

2010 டிசம்பரில் இன்ரெல், ஏ.எம்.டி., டெல், லெனோவோ, சாம்சங், எல்.ஜீ. ஆகியவை 2015 க்குள் வீ.ஜீ.ஏ. யைக் கைவிடப்போவதாகச் சேர்ந்து அறிவித்தன. ஏ.எம்.டி. யின் 2013 ஆம் ஆண்டு ஆர்.9 290 அட்டைகளில் அனலொக் சமிக்ஞை இல்லை. என்விடியா 2016 இல் வெளியிட்ட ஜி.ரி.எக்ஸ். 1080 இலும் இல்லை. டீ.வீ.ஐ. துவாரம் இருந்தது, ஆனால் சுற்றியிருந்த நான்கு துவாரங்கள் போய்விட்டன. பெட்டியில் வந்த அந்தச் சின்ன வெறும் கம்பி அடப்ரர் அன்றோடு செல்லாக் காசாயிற்று. அது பொருந்தாமல் போனதற்குக் காரணம் உங்கள் கைப்பிழையல்ல, துவாரத்தின் பின்னால் மொழி மாறிவிட்டது.

எந்த அடப்ரர்?

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். எப்போதும் இரண்டு விடயம் கேளுங்கள். படம் எங்கிருந்து எங்கே போகிறது? இரண்டு பக்கமும் ஒரே மொழியா?

புதுக் கணினியில் எச்.டி.எம்.ஐ., பழைய திரையில் வீ.ஜீ.ஏ. என்றால், மொழிபெயர்க்கும் கருவி வேண்டும். உள்ளே சில்லு இருக்கும். எச்.டி.எம்.ஐ. துவாரத்திலிருந்தே பெரும்பாலும் அதற்கு மின்சாரம் கிடைத்துவிடும். உரிமைப் பூட்டுப் போட்ட திரைப்படங்கள் சிலவேளை அதனூடாகத் தெரியாது.

பழைய கணினியில் வீ.ஜீ.ஏ., புதுத் திரையில் எச்.டி.எம்.ஐ. என்றால், முன்னையதைத் திருப்பிப் போட்டால் ஓடாது. எதிர்த்திசைக்கென்று தனிக் கருவி உண்டு. அதற்கு யூ.எஸ்.பி. வயரால் மின்சாரமும், ஒலிக்குத் தனி வயரும் கொடுக்கவேண்டியிருக்கும்.

கணினியில் டிஸ்பிளேபோர்ட், திரையில் எச்.டி.எம்.ஐ. என்றால் பெரும்பாலும் மலிவானது போதும். ஏனெனில் அநேகமான கணினிகளின் டிஸ்பிளேபோர்ட் துவாரம் இரண்டு மொழியும் பேசும். இதற்கு எதிர்த்திசை அப்படியல்ல, மொழிபெயர்ப்புக் கருவி வேண்டும்.

மடிக்கணினியில் உள்ள சின்ன நீள்வட்ட யூ.எஸ்.பி.-சி துவாரம் 2014 இல் வந்தது. அந்தத் துவாரம் உள்ள எல்லாக் கணினியும் அதன் வழியாகப் படம் அனுப்பாது. சிலவற்றில் அது மின்சாரத்துக்கும் கோப்புகளுக்கும் மட்டும். வயர் வாங்குமுன் கணினியின் கையேட்டைப் பாருங்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? சென்ற வருடம் ஒரு அம்மா நிலையத்துக்கு அழைத்தார். 2003 இல் எமது தைப்பொங்கல் கவியரங்கில் அவருடைய கணவர் கவிதை வாசித்தவர். அவர் இப்போது இல்லை. அந்தக் குரலின் பிரதி கிடைக்குமா என்று கேட்டார். எங்கள் களஞ்சிய அறையில் அந்தக் காலத்துக் கணினி ஒன்று இருந்தது. மின்சாரம் கொடுத்தோம், விசிறி சுற்றியது, உயிர் இருந்தது. ஆனால் அதன் பின்னால் 15 ஊசி மட்டும். நிலையத்திலிருந்த திரைகளிலோ அந்தத் துவாரமே இல்லை. அடுத்த கிழமை குப்பைக்குப் போகவேண்டிய பட்டியலில் அந்தப் பெட்டியும் இருந்தது. இருபத்தைந்து டொலருக்கு ஒரு மொழிபெயர்ப்புக் கருவி வாங்கினோம். திரை விழித்தது. கோப்புகள் எல்லாம் இருந்தன, அந்தக் கவியரங்கம் உட்பட. அன்றிரவே அனைத்தையும் புதிய இரண்டு வட்டுகளில் பிரதி எடுத்தோம். அந்த அம்மாவுக்கு ஒரு பிரதி போயிற்று.

எங்களில் பலர் ஒரு பையோடு வந்தவர்கள். படங்கள், கடிதங்கள், ஊர் வீட்டு உறுதி, எல்லாம் எங்கெங்கோ போயின. இங்கே வந்தபின் சேர்த்தவையோ பேஸ்மென்ற்றில் ஒரு பழைய கணினிப் பெட்டிக்குள் கிடக்கின்றன. குண்டு விழுந்து அழிந்ததைப் பற்றி நாங்கள் பேசுகிறோம். பிளக் பொருந்தாமல் அழியப்போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திரை விழிக்கவில்லை என்பதற்காகப் பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அதற்காக அதை அடப்ரர் தயவில் காலமெல்லாம் ஓட்டவும் நினைக்காதீர்கள். ஒருமுறை கண் திறக்க வையுங்கள், உள்ளதைப் பிரதி எடுங்கள், பிறகு பெட்டியையும் பழைய திரையையும் நகரசபையின் மின்னணுக் கழிவு நிலையத்தில் கொடுங்கள். பழைய பெட்டித் திரையின் கண்ணாடிக்குள் ஈயம் இருக்கிறது, அதைத் தெருவோரம் வைக்கக்கூடாது.

ஒரு சின்ன வேண்டுகோள். இந்த மாத இறுதிக்குள் பேஸ்மென்ற்றுக்குப் போய், பழைய கணினியின் பின்புறத்தில் எத்தனை ஊசி என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணோடு எமது நிகழ்ச்சி நேரத்தில் அழையுங்கள். மிச்சத்தைச் சேர்ந்து பார்ப்போம்.